இரண்டு சுற்று குறைவு

ஆலை மூடிய வருஷம்
ஃபோர்க்லிஃப்டுகளை லாரியில் ஏற்றிப் போனார்கள்.
அவற்றுக்குத் தீனி போட்ட சார்ஜரை
யாரும் கேட்கவில்லை.
முப்பத்தெட்டு கிலோ. முகத்தில் ருஷ்ய எழுத்துத் தகடு.
ருஸ்தாவி பழைய இரும்புச் சந்தையில்
எடைக்குத்தான் விலை சொன்னான்,
நானும் எடைக்குத்தான் வாங்கினேன்.

என் வண்டிக்கு மூன்று சக்கரம்.
பின்னால் ரொட்டிப் பெட்டி,
இருக்கைக்கு அடியில் ஜாடை ஒவ்வாத நான்கு பேட்டரி.
ஒன்று டாக்ஸியில் இருந்தது, ஒன்று ஆம்புலன்ஸில்,
மற்ற இரண்டின் பூர்வீகத்தை நான் விசாரிக்கவில்லை.
நான்குக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு வோல்ட் பசி.
சார்ஜர் அறிந்ததோ இருபத்துநான்கு.

பிரித்தேன்.
உள்ளே ஆலையின் கரி இன்னும் ஈரமாக இருந்தது.
எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை
மின்மாற்றியின் இடுப்பில்
இன்னும் அறுபத்துநான்கு சுற்று சுற்ற வேண்டும்.
முப்பத்தொன்பது, நாற்பது,
நாற்பத்தொன்றில் போன்.
மாவுக்கடை ஜும்பேர்.
"லாம்ஸிரா, இந்த மாசமாவது..."
இந்த மாசம் என்றேன்.
அப்புறம் நாற்பத்து நான்கிலிருந்து தொடர்ந்ததாக
எனக்கு நினைவு.

மீட்டரில் ஐம்பத்தாறு புள்ளி எட்டு.
கடன்காரன் என் இரண்டு சுற்றையும்
வட்டியில் வரவு வைத்துக்கொண்டான்.
திரும்பச் சுற்றினேன், போனைக் கவிழ்த்து வைத்து.

பழைய சார்ஜர்களிடம் ஒரு குணம்:
போதும் என்று சொல்லத் தெரியாது.
அமிலம் கொதித்தாலும் ஊற்றும்,
விடிந்தாலும் ஊற்றும்.
அதனால் தெருவிளக்குக் கம்பத்து டைமர் ஒன்றை
அதன் கழுத்தில் கட்டினேன்.
கராஜ் கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன்,
வாயு போகட்டும் என்று.
பனிதான் உள்ளே வந்தது.

கராஜில் மின்சாரம் கிடையாது.
மாடிப்படி விளக்கின் வயரில்
ஒரு கிளை எடுத்திருந்தேன்.
திருட்டு இல்லை என்று எனக்கு நானே
எட்டு மாடி ஏறும்வரை சொல்லிக்கொண்டது உண்டு.

சுவிட்சைப் போட்டேன்.
கரும்பெட்டி ஒருமுறை செருமியது, முனகியது,
முள் பத்து ஆம்பியருக்கு ஏறி நின்றது.
அப்போதுதான் கட்டிடம் முழுக்க இருட்டு.
லிஃப்டுக்குள்ளிருந்து ஓதாரியின் குரல்,
ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில்,
கையில் ஊறுகாய் ஜாடியோடு,
என் அம்மாவைத் தவிர எல்லோரையும் திட்டியது.
அம்மாவை அவனுக்குப் பிடிக்கும்.

எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் அசையும்.
அந்தக் காசில்தான் மாடிப்படி விளக்குக்குக் கட்டணம்.
அந்த உண்டியலின் சாவி ஓதாரியிடம்.

ஃபியூஸ் போட்டு அவனை இறக்கினேன்.
ஜாடி உடையவில்லை, அதில் பாதி கோபம் தணிந்தது.
கராஜுக்கு வந்தான், குனிந்தான்,
முள்ளைப் பார்த்தான்.
"ஒரு ராத்திரிக்கு எவ்வளவு குடிக்கும்?"
கணக்குப் போட்டோம், சிகரெட் அட்டையின் பின்புறம்.
எழுபது தெத்ரி.
"உண்டியலில் போடு. என் கையில் தராதே,
கையில் வாங்கினால் நானும் பங்காளி."
முனகலைத் தாழ்த்தி ஐந்து ஆம்பியரில் வைத்தேன்.
ராத்திரி நீண்டது, ஃபியூஸ் பிழைத்தது.

இப்போது தினமும் வேலை முடிந்து
லிஃப்டில் ஏழு காசு போடுகிறேன்,
எட்டை ஒருமுறை அமுக்குகிறேன்.
மீதி ஆறு பயணம் இயந்திரத்தின் ஞாபகத்தில் நிற்கிறது.
நான்காம் மாடி இரட்டையர்கள்
இதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.
நான் வெளியே வந்ததும் உள்ளே ஓடுகிறார்கள்,
மேலே, கீழே, மறுபடி மேலே,
சிரிப்புச் சத்தம் தண்டில் உருண்டு இறங்குகிறது.

ஓதாரிக்கு இது தெரியுமா, தெரியவில்லை.
நேற்று கையுறை மறந்து கராஜுக்குத் திரும்பியபோது
சார்ஜர் முன் கொஞ்ச நேரம் நின்றேன்.
அவர்கள் ஏறும்போதெல்லாம்
முள் ஒரு மயிரிழை தாழ்ந்து,
நின்றதும் நிமிர்கிறது.
நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.
தூங்கப் போயிருக்கலாம்.
நாலாவது பயணம், ஐந்தாவது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.